நண்டு ஓடு மாற்றுகிறது! கம்ப்யூட்டர் மாற்றக் கூடாதா?

பிச்சாவரத்துக்குப் போகிறவர்கள் சுரபுன்னைக் காட்டைப் பார்க்கிறார்கள். படகில் ஏறிக் கால்வாய்களைச் சுற்றி வருகிறார்கள். "எம்.ஜி.ஆர். நடித்த 'இதயக்கனி' படம் இங்கேதான் எடுத்தார்கள்" என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். பிறகு பஸ் ஏறிச் சிதம்பரம் திரும்பிவிடுகிறார்கள்.

கடற்கரை ஓரம் ஊர்ந்து போகும் ஒரு சின்ன நண்டை யாரும் கவனிப்பதில்லை.

அது ஒரு விசித்திரமான நண்டு. அதன் வயிற்றுப் பகுதி மெத்தென்று இருக்கும். அதைக் காக்க அதற்குச் சொந்த ஓடு கிடையாது. ஆகவே, செத்துப்போன கடல் நத்தையின் காலி ஓட்டைத் தேடிப் பிடிக்கும். அதற்குள் புகுந்துகொள்ளும். எங்கே போனாலும் அந்த ஓட்டையும் இழுத்துக்கொண்டே போகும்.

நண்டு வளர்கிறது. ஓடு வளர்வதில்லை. அப்போது என்ன செய்யும்?

வேறு ஓடு தேடும்! பொருத்தமான ஓடு கிடைத்ததும், பழையதை விட்டுப் புதியதில் குடியேறும். நண்டு அதே நண்டுதான். ஓடு மட்டும் வேறு.

இந்த நண்டுக்குத் தெரிந்த இந்தச் சின்ன வித்தை, வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பலருக்குத் தெரிவதில்லை. அது தெரிந்தால் எத்தனையோ வீடுகளில் பணம் மிச்சமாகும். பிள்ளைகளின் படிப்பும் தடைப்படாது.

கம்ப்யூட்டருக்கும் ஓடு உண்டு

கம்ப்யூட்டரைத் திறந்ததும் ஒரு திரை தெரிகிறது. அதில் ஒரு படம். ஓரத்தில் சின்னச் சின்ன உருவங்கள். கீழே ஒரு பட்டை. "இதுதான் கம்ப்யூட்டர்" என்று நாம் நினைக்கிறோம்.

அது கம்ப்யூட்டர் அல்ல. கம்ப்யூட்டரின் மேலோடு! ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே 'ஷெல்' என்பதுதான். ஷெல் என்றால் ஓடு.

தேங்காயில் பருப்பு உள்ளே இருக்கிறது. ஓடு வெளியே இருக்கிறது. அதுபோல, கம்ப்யூட்டரின் வேலையை எல்லாம் நடத்தும் மையப் பகுதி உள்ளே இருக்கிறது. நினைவகத்தைப் பங்கிடுவது, தகவலை எழுதி வைப்பது, அச்சு எந்திரத்துக்குக் கட்டளை அனுப்புவது எல்லாம் அதன் பொறுப்பு. நமக்கும் அதற்கும் நடுவே நிற்பதுதான் ஷெல். நாம் எதைத் தொடுகிறோம் என்று பார்த்து உள்ளே சொல்வதும், உள்ளே நடந்ததைத் திரையில் காட்டுவதும் அதன் வேலை.

தேங்காய் ஓட்டை உடைத்தால் ஒட்ட முடியாது. கம்ப்யூட்டர் ஓடு அப்படி அல்ல. கழற்றலாம், மாட்டலாம். பிடிக்காவிட்டால் பழையதையே திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

இது நம்ப முடியாத சங்கதி அல்ல. உங்கள் கையில் இருக்கும் செல்போனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு போனில் 'லாஞ்சர்' என்று ஒன்று உண்டு. அதை மாற்றினால் முகப்பு முழுவதும் மாறிவிடும். பெரிய எழுத்தும் நான்கே பொத்தானும் உள்ள லாஞ்சரைத் தாத்தாவின் போனில் போட்டுக் கொடுக்கிற பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பேரப்பிள்ளை செய்தது என்ன? ஓடு மாற்றியதுதான்!

திரை வந்த கதை

ஆரம்பத்தில் கம்ப்யூட்டர் திரையில் படமே கிடையாது. கறுப்புத் திரை. அதில் எழுத்து. கட்டளையைப் பிழை இல்லாமல் தட்டினால்தான் வேலை நடக்கும்.

1973-ம் ஆண்டில், அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் 'ஆல்ட்டோ' என்ற கம்ப்யூட்டரைச் செய்தார்கள். அதில் சன்னல் சன்னலாகப் படம் தெரிந்தது. 'மவுஸ்' என்ற எலிப்பொறியை நகர்த்தித் தொட்டால் போதும். 1984-ம் ஆண்டில் ஆப்பிள் கம்பெனியின் மெக்கிண்டாஷ் இந்த முறையைப் பிரபலப்படுத்தியது.

எழுதும் மேஜை மேல் காகிதம், கோப்பு, குப்பைக்கூடை இருப்பது போலத் திரையிலும் வைத்தார்கள். அதனால் அதற்கு 'டெஸ்க்டாப்' என்று பெயர் வந்தது. டெஸ்க்டாப் என்றால் மேஜைப்பரப்பு.

உங்கள் வீட்டு மேஜையில் எதை எங்கே வைப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்? நீங்கள்தான். ஆனால், கம்ப்யூட்டர் மேஜையில் எது எங்கே இருக்க வேண்டும் என்று கம்பெனிதான் முடிவு செய்கிறது. நாமும் தலையாட்டுகிறோம்!

எல்லோரும் அப்படித் தலையாட்டிவிடவில்லை. 1990-களில் இருந்த விண்டோஸ் 3.1-ல், அமைப்புக் கோப்பு ஒன்றில் 'ஷெல்' என்று தொடங்கும் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியை மாற்றினால், முகப்பு முழுவதும் வேறாகிவிடும். விண்டோஸ் 95 வந்த பிறகு, 'லைட்ஸ்டெப்' என்ற மாற்று ஷெல் பல இளைஞர்களைக் கவர்ந்தது. நூற்றுக்கணக்கான பேர் அதற்கு விதவிதமான அலங்காரம் செய்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். அலங்காரத்துக்காகத் தொடங்கியவர்களில் பலர் கட்டளைகளை எழுதவும் கற்றுக்கொண்டார்கள்.

ஒரு பொத்தான் செய்த கலகம்

2012-ம் ஆண்டில் ஒரு வேடிக்கை நடந்தது. மைக்ரோசாப்ட் கம்பெனி விண்டோஸ் 8-ஐ வெளியிட்டது. அதில், 1995 முதல் எல்லோருக்கும் பழக்கமான 'ஸ்டார்ட்' பொத்தானைக் காணவில்லை! கம்பெனியே அதை எடுத்துவிட்டது.

உலகம் முழுவதும் மக்கள் திண்டாடினார்கள். கம்ப்யூட்டரை எப்படி அணைப்பது என்பதே சிலருக்குப் புரியவில்லை.

அப்போது கைகொடுத்தது 'கிளாசிக் ஷெல்' என்ற இலவச மென்பொருள். ஐவோ பெல்ட்செவ் என்ற தனி மனிதர் 2009-ம் ஆண்டு முதலே அதைச் செய்து கொடுத்து வந்தார். அதைப் போட்டுக்கொண்டவர்களுக்குப் பழைய ஸ்டார்ட் பட்டியல் திரும்பக் கிடைத்தது. 2013-ல் வந்த விண்டோஸ் 8.1-ல் கம்பெனியே பொத்தானைத் திரும்பக் கொண்டுவந்தது.

2017-ல் பெல்ட்செவ் தம் வேலையை நிறுத்திக்கொண்டார். ஆனால், அதன் மூல நிரலை எல்லோருக்கும் திறந்து வைத்தார். தன்னார்வலர்கள் அதை 'ஓப்பன் ஷெல்' என்ற பெயரில் தொடர்ந்தார்கள்.

இந்தக் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. கோடிக்கணக்கான பணம் உள்ள கம்பெனி எடுத்ததை, ஒரு மனிதர் தம் அறிவினால் மக்களுக்குத் திரும்பக் கொடுத்தார். கற்றவன் கைக்கு அத்தனை வலிமை!

இன்னொரு செய்தி. 2009-ல் வந்த 'விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்' என்ற மலிவுப் பதிப்பில், திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. மாற்றும் வசதியைக் கம்பெனி வைக்கவில்லை. நம் வீட்டுச் சுவரில் நம் பிள்ளையின் படத்தை மாட்டக் கூடாது என்று வீடு கட்டிய கொத்தனார் சொன்னால் எப்படி இருக்கும்?

பரணில் கிடக்கும் லேப்டாப்

இதெல்லாம் பிச்சாவரத்துக்கும் கிள்ளைக்கும் பரங்கிப்பேட்டைக்கும் எதற்கு என்று கேட்கலாம். அங்கேதான் இது மிகவும் தேவை.

தமிழ்நாட்டு அரசு 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்கள் பல லட்சம் பேர் லேப்டாப் பெற்றார்கள். மீன்பிடி குப்பங்களுக்கும் கூலி வேலை செய்வோர் வீடுகளுக்கும் முதல் கம்ப்யூட்டர் அப்படித்தான் வந்தது.

அந்த லேப்டாப்புகள் இப்போது எங்கே?

பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. "ஆன் செய்தால் அரை மணி நேரம் சுற்றுகிறது" என்கிறார்கள். கடைக்குக் கொண்டுபோனால், "இது பழசு, புதுசு வாங்குங்கள்" என்று பதில் கிடைக்கிறது.

கிள்ளைப் பக்கம் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா துடுப்புப் படகு ஓட்டுகிறார். அம்மா மீன் விற்கிறார். அக்கா வாங்கிய இலவச லேப்டாப் பரணில் இருக்கிறது. தங்கை கல்லூரிக்குப் போகிறாள். அவளுக்குக் கட்டுரை எழுத வேண்டும், கணக்குப் போட வேண்டும். புது லேப்டாப் வாங்கக் கந்துவட்டிக் கடன் வாங்குவதா? செல்போனின் சின்னத் திரையில் கண்ணைக் கெடுத்துக்கொள்வதா?

இரண்டும் வேண்டாம். பரணில் இருப்பதை இறக்க வேண்டும்!

அதன் உள்ளே நண்டு பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. சுமக்க முடியாத ஓடுதான் அதை அழுத்துகிறது. விண்டோஸ் 7-க்குக் கம்பெனியின் ஆதரவு 2020 ஜனவரி 14-ந் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 10-க்குப் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதி முடிந்தது. விண்டோஸ் 11 போட வேண்டும் என்றால் குறைந்தது 4 ஜி.பி. நினைவகமும், தனிப் பாதுகாப்புச் சிப்பும் கேட்கிறது. பழைய லேப்டாப்புக்கு எங்கே போவது?

ஆனால், லினக்ஸ் இருக்கிறது. 1991-ம் ஆண்டில் பின்லாந்து நாட்டுக் கல்லூரி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது அது. அப்போது அவருக்கு வயது 21. லினக்சில் ஒரே ஓடு என்ற பேச்சே கிடையாது. கே.டி.ஈ., க்னோம், எக்ஸ்.எப்.சி.ஈ., எல்.எக்ஸ்.கியூ.டி. என்று பல டெஸ்க்டாப்புகள் உண்டு. எல்லாம் இலவசம். கடைசி இரண்டும் எடை குறைந்தவை. பழைய கம்ப்யூட்டரில் நன்றாக ஓடும்.

அகலமான நீர்ப்பரப்பில் மோட்டார் படகு போகலாம். வேர்கள் பின்னிக் கிடக்கும் குறுகிய கால்வாயில் துடுப்புப் படகுதான் போகும். தண்ணீர் ஒன்றுதான், படகு வேறு. கம்ப்யூட்டரும் அப்படியே.

செத்த காடு பிழைத்தது

"பழசு பழசுதான், அதைப் பிழைக்க வைக்க முடியுமா?" என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். அவர்கள் பிச்சாவரம் காட்டின் கதையைக் கேட்க வேண்டும்.

முன்காலத்தில் இந்தக் காட்டில் பகுதி பகுதியாக மரங்களை மொட்டை அடித்தார்கள். வெட்டிய இடம் பள்ளமானது. அலை ஏற்றத்தில் வந்த உப்புத் தண்ணீர் அங்கே தேங்கியது, வெயிலில் வற்றியது, மண்ணில் உப்பு ஏறியது. கன்றுகள் கருகின. "இனி இங்கே ஒன்றும் முளைக்காது" என்று ஆயிற்று.

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து காரணத்தைத் தேடினார்கள். மண் சாகவில்லை, தண்ணீர் தேங்கியதுதான் நோய் என்று கண்டார்கள். மீன் முள் வடிவத்தில் கால்வாய்கள் வெட்டினார்கள். ஏற்றத்தில் தண்ணீர் வந்தது, இறக்கத்தில் போனது. உப்பு குறைந்தது. காடு மறுபடி பச்சையானது!

காட்டை மாற்றவில்லை. தேக்கத்தை மாற்றினார்கள். பரணில் கிடக்கும் லேப்டாப்புக்கும் அதுதான் வைத்தியம்.

மூன்று ஆட்சேபங்கள்

பெற்றோர் சொல்லும் முதல் ஆட்சேபம்: "இது விளையாட்டு. படிக்கிற பிள்ளைக்கு எதற்கு?"

படத்தை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் விளையாட்டுதான். அதில் சந்தேகம் இல்லை. ஆடும் படமும் பறக்கும் எழுத்தும் போட்டால், கம்ப்யூட்டர் இன்னும் மெதுவாகும். அதைத் தடுக்க வேண்டியது பெற்றோர் கடமை. ஆனால், "இது ஏன் இப்படி இருக்கிறது? இதை எப்படி மாற்றுவது?" என்று ஒரு பிள்ளை கேட்கத் தொடங்கினால், அது படிப்பு. சைக்கிளைப் பிரித்துப் பூட்டிய பையன்தானே பிற்காலத்தில் மெக்கானிக் ஆகிறான்?

இரண்டாவது ஆட்சேபம்: "கெட்டுப்போனால் யார் பொறுப்பு?"

இது நியாயமான பயம். மாற்று ஷெல் சரியாக வேலை செய்யாவிட்டால் திரை வெறுமையாகிவிடும். பிள்ளை பயந்து அழும். ஆனால், வழி உண்டு. விண்டோசில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' வரும். அதில் புதிய வேலை தொடங்கும் இடத்தில் 'எக்ஸ்ப்ளோரர்' என்று தட்டினால் பழைய முகப்பு வந்துவிடும். வழி தெரிந்தவனுக்குக் காடும் பயம் இல்லை. தெரியாதவனுக்குத் தெருவும் பயம்தான்.

மூன்றாவது ஆட்சேபம்: "வேலைக்குப் போகிற இடத்தில் விண்டோஸ்தானே இருக்கிறது?"

ஆபீசில் விண்டோஸ் இருக்கலாம். அதையும் கற்க வேண்டியதுதான். ஆனால், உலகின் மிக வேகமான 500 கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பர் முதல் லினக்சில்தான் ஓடுகின்றன. உங்கள் ஆண்ட்ராய்டு போனின் மையமும் லினக்ஸ்தான். இரண்டு வகைப் படகும் ஓட்டத் தெரிந்தவன் எந்தத் துறையிலும் பிழைத்துக்கொள்வான்.

தமிழில் ஒரு மேஜை

ஓடு மாற்றுவதில் இன்னொரு நன்மை உண்டு. அது மொழி.

கே.டி.ஈ., க்னோம் ஆகியவற்றைத் தமிழ்த் தன்னார்வலர்கள் மொழிபெயர்த்திருக்கிறார்கள். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், சென்னையில் 'பாஸ்' என்ற இந்திய லினக்சை உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. அதில் தமிழ் உண்டு. விண்டோசுக்கும் தமிழ் முகப்பு இலவசமாகக் கிடைக்கிறது.

ஆயினும், எத்தனை வீடுகளில் தமிழ்த் திரை இருக்கிறது? கடைக்காரர் ஆங்கிலத்தில் போட்டுக் கொடுக்கிறார். அப்படியே இருக்கிறது. "எனக்கு இங்கிலீஷ் தெரியாதப்பா" என்று அம்மா ஒதுங்கிவிடுகிறார். தவறு அம்மாவிடம் இல்லை, ஓட்டில் இருக்கிறது!

கடலூருக்கு அடுத்த புதுச்சேரியில் நடந்ததைப் பாருங்கள். 1998-ம் ஆண்டு முதல் அதே சுவாமிநாதன் நிறுவனம் கிராமங்களில் கம்ப்யூட்டர் நிலையங்கள் அமைத்தது. வீராம்பட்டினம் மீனவர் கிராமத்தில், கடல் அலை எவ்வளவு உயரம் எழும் என்ற தகவலை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்து எடுத்தார்கள். அதை ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். மீனவர்கள் கேட்டுக் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள்.

அவர்களுக்கு வேண்டியது ஆங்கிலத் திரை அல்ல. அலையின் உயரம்! ஊருக்கு ஏற்றபடி கம்ப்யூட்டரை வளைத்ததால் அது ஊருக்கு உதவியது.

எப்படித் தொடங்குவது?

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். படிப்படியாக ஏற வேண்டும்.

முதல் வாரம்: பின்னணிப் படம், எழுத்தின் அளவு, மொழி ஆகியவற்றை மாற்றிப் பழகலாம். வயதானவர்களுக்காக எழுத்தைப் பெரிதாக்கலாம்.

இரண்டாவது வாரம்: முக்கியமான போட்டோ, பாடம், சான்றிதழ் எல்லாவற்றையும் வேறு இடத்தில் நகல் எடுத்து வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

மூன்றாவது வாரம்: சோதனைக்கென்று கம்ப்யூட்டரில் தனிக் கணக்கு ஒன்று தொடங்க வேண்டும். மாற்று ஷெல்லை அதில் மட்டும் போட்டுப் பார்க்கலாம். அது கெட்டாலும் அப்பாவின் கணக்கு பத்திரமாக இருக்கும்.

நான்காவது வாரம்: லினக்சை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதில் இருந்தே ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே இருப்பது எதுவும் அழியாது. பிடித்தால் நிரந்தரமாகப் போட்டுக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் பென் டிரைவைக் கழற்றிவிட்டால் போதும்.

மென்பொருளை அதைச் செய்தவர்களின் சொந்தத் தளத்தில் இருந்துதான் எடுக்க வேண்டும். 'இலவசம், இலவசம்' என்று மின்னும் கண்ட இடத்தில் எடுத்தால், ஓட்டுக்குள் நண்டு இருக்காது, பாம்பு இருக்கும்! பள்ளிக் கம்ப்யூட்டரிலும் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் கேட்காமல் கை வைக்கக் கூடாது.

பள்ளிகள் செய்ய வேண்டியது

தமிழ்நாட்டில் 2018-ல் வந்த 11-ம் வகுப்புப் பாடநூலில் விண்டோசோடு உபுண்டு லினக்சும் இடம் பெற்றது. நல்ல காரியம். ஆனால், புத்தகத்தில் படித்து நீச்சல் கற்க முடியாது.

வாரத்தில் ஒரு மணி நேரம், பழைய கம்ப்யூட்டர் இரண்டை மாணவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். "மாற்றுங்கள், கெடுங்கள், மறுபடி சரி செய்யுங்கள்" என்று சொல்ல வேண்டும். கெடுத்த பிள்ளையை அடிக்கக் கூடாது. சரி செய்த பிள்ளையைப் பாராட்ட வேண்டும்.

பக்கத்திலேயே 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கம்ப்யூட்டர் படிக்கும் மாணவர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளைக்கும் பரங்கிப்பேட்டைக்கும் வரட்டும். ஊர்ப் பொது இடத்தில் உட்காரட்டும். "பரணில் இருப்பதை எடுத்து வாருங்கள்" என்று தண்டோரா போடட்டும். பத்து லேப்டாப் வந்தால் நான்காவது பிழைக்காதா? நான்கு பிள்ளைகள் படிக்க அது போதுமே!

கம்ப்யூட்டர் வாங்கப் பணம் வேண்டும். வாங்கியதை நம் சொற்படி கேட்க வைக்க அறிவு போதும். பணம் எல்லா வீட்டிலும் இருக்காது. அறிவு எந்த வீட்டிலும் முளைக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். ஏணியைப் போட்டுப் பரணைப் பாருங்கள்!